வீட்டுக் காய், லோடு காய்

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு மிதுனாவின் உதடு பச்சையாக இருந்ததை அனுசியா பார்த்தாள். ஸ்கெட்ச் பேனாவைக் கடித்திருக்கும் என்று நினைத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துணியில் பச்சை ஏறியது. உதட்டில் இருந்தது போகவில்லை. "ஆ காட்டு" என்றதும் குழந்தை சமர்த்தாக வாயைத் திறந்தது. நாக்கும் பச்சை. பாதி கடித்த ஏலக்காய் ஒன்று நாக்கின் மேல் எச்சிலில் ஊறிக் கிடந்தது.

அனுசியா இரண்டு விரலை விட்டு அதை எடுத்தாள். விரல் நுனியில் நிறம் ஒட்டியிருந்தது. இந்தப் பச்சையை அவளுக்குத் தெரியும். இது செடியில் வருகிற பச்சை இல்லை. டிரம்மில் வருகிற பச்சை.

அவள் நின்றுகொண்டிருந்தது போடியில் தேவாரம் ரோட்டில் இருக்கும் 'தளிர்' மழலைக் கூடத்தில். ஏலக்காய் வியாபாரி முத்துக்கிருஷ்ணன் தன் பழைய வீட்டை வெள்ளையடித்து, மருமகள் சுகன்யாவிடம் கொடுத்திருந்தார். சுகன்யா கோயம்புத்தூரில் படித்தவள். குழந்தை வளர்ப்பு பற்றி ஏதோ ஒரு வருடப் படிப்பை ஆன்லைனில் முடித்து, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாள். மூன்று வயதுக்குள் பிள்ளையின் மூளைக்குத் தீனி வேண்டும், அந்தத் தீனி கை வழியாகவும் மூக்கு வழியாகவும் காது வழியாகவும்தான் போகும் என்பது அவள் பேச்சு. போன் கிடையாது, டி.வி. கிடையாது. மணல் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, பட்டு, கோணி, கம்பளித் துண்டுகள், விதவிதமான மணிகள், ரவை பரப்பிய தட்டு. பதினான்கு பிள்ளைகள் காலையிலிருந்து மதியம் வரை அளைந்துகொண்டும் கொட்டிக்கொண்டும் கிடந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அனுசியா இதைச் சொல்லி வீட்டில் சிரித்திருக்கிறாள். "மண்ணுல வெளாடுறதுக்கு பீஸ் கட்டுறாகய்யா." கணவன் வினோத்குமார் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடிகாலையில் போடிமெட்டு ஏறுகிற ஜீப் ஓட்டுகிறவன். "குடுத்து வச்சவுக" என்று அவனும் சிரித்தான்.

ஆனால் சிரித்து முடித்தபோது அவள் மகன் தர்ஷன் பேச ஆரம்பித்திருந்தான்.

இரண்டரை வயது வரை அவன் அம்மா என்று அழைத்ததில்லை. இங்கே சேருமுன் எட்டு வருடம் அனுசியா முத்துக்கிருஷ்ணனின் குடோனில் காய் பிரித்தவள். பிள்ளையைக் கூட்டிப்போய்ச் சாக்கு அடுக்கின் ஓரம் உட்காரவைத்து, கையில் போனைக் கொடுத்துவிட்டால், மாலை ஆறு மணி வரை அசையாமல் இருப்பான். நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். தேனியில் டாக்டர் காதைப் பரிசோதித்துவிட்டு, "காது நல்லாத்தான் இருக்கு. இவன் கையில போனைத் தவிர வேற எதையாவது குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் சுகன்யா ஆயா வேலைக்கு ஆள் தேடினாள். பையனையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னாள், பீஸ் இல்லாமல். சேர்த்த மூன்றாவது வாரம் தண்ணீர்த் தொட்டியில் தர்ஷன் டம்ளரைத் தூக்கிப் பிடித்து "ஊத்து" என்றான். இப்போது பத்துப் பதினைந்து வார்த்தை சொல்கிறான். அந்த வீட்டின் வாசற்படியை மிதிக்கும்போதெல்லாம் அனுசியா மனசுக்குள் சுகன்யாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அந்தப் புதன்கிழமை காலைதான் புதுத் தட்டு வந்தது. தொட்டில் அகலத்துக்கு மரத்தட்டு. அதில் இருபது கிலோவுக்குக் குறையாத ஏலக்காய். சனிக்கிழமை பெற்றோர் நாள். வீடியோ எடுக்க மதுரையிலிருந்து ஆள் வருகிறது. "வெளியூர்ல எல்லாம் பிளாஸ்டிக் உருண்டைய வச்சுக்கிட்டு இருக்காங்க. நம்ம பிள்ளைங்க நம்ம மலையத் தொடட்டும், நம்ம மலைய மோந்து பாக்கட்டும்" என்று சுகன்யா கண் மினுங்கச் சொன்னாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உதிர்ந்த காயையும் குனிந்து பொறுக்குகிற முத்துக்கிருஷ்ணன், இருபது கிலோவைப் பிள்ளைகளின் காலடியில் கொட்டச் சொன்னாரா என்று அப்போதே அனுசியாவுக்கு இடித்தது. இப்போது மிதுனாவின் நாக்கைப் பார்த்ததும் இடித்தது இன்னதென்று தெரிந்துவிட்டது.

போன கார்த்திகையில் அவள் கையால் சாயத்தில் முக்கிய காய் அது. பழைய இருப்பு, நிறம் வெளுத்துப்போன சரக்கு. டிரம்மில் வெந்நீர் வைத்து, பேர் இல்லாத டப்பாவிலிருந்து பவுடரைக் கரைத்து, காயைக் கூடையோடு முக்கி எடுத்து, மின்விசிறிக்குக் கீழே உலர்த்தினார்கள். நான்கு பெண்கள், மூன்று நாள். உள்ளங்கை ரேகை பூராவும் பச்சை. எலுமிச்சை தேய்த்தும் சீயக்காய் தேய்த்தும் போகவில்லை. அந்தக் கையால் மகனுக்குச் சோறு ஊட்ட அருவருத்துக்கொண்டு ஒரு வாரம் ஸ்பூனில் ஊட்டினாள். லோடு வடக்கே போய், அங்கே எவனோ ஒருவன் தண்ணீரில் போட்டுப் பார்த்து, மார்கழியில் அப்படியே திரும்பி வந்தது.

குடோனில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு ஒன்று உண்டு. முதலாளி வீட்டுக்குப் போகிற காயைத் தனியாக ஒரு தகர டின்னில் எடுத்து வைப்பார்கள். அது வீட்டுக் காய். சாயம் ஏறாதது, மருந்தடித்து நாள் கடந்து பறித்தது, முதல் தரம். ஊருக்கு அனுப்புவது லோடு காய். வீட்டுக் காயும் லோடு காயும் கலந்துவிட்டால் வேலை போய்விடும். முத்துக்கிருஷ்ணன் வீட்டில் மட்டும் இல்லை, இந்தத் தொழிலில் அவளுக்குத் தெரிந்த இன்னும் இரண்டு வீட்டிலும் இதே டின் இருந்தது.

மதியம் பிள்ளைகள் போனதும் தர்ஷனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் குடோனுக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளித்தான். உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி மொக்கச்சாமி நாற்காலியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"அட, டீச்சரம்மா வந்திருக்கு! எந்திரிச்சு வணக்கம் சொல்லுங்கடி."

"அண்ணே, தளிருக்கு அனுப்புனது எந்தக் காய்?"

"ஏலக்காய்தான் ஆத்தா. பின்ன மொளகாயா அனுப்புவாக?"

"வெளாடாதீக. மார்கழியில திரும்பி வந்த லோடா?"

மொக்கச்சாமி குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "தெரிஞ்சுக்கிட்டே கேக்குற."

"பிள்ளைக வாயில வைக்குதுண்ணே. நாக்கெல்லாம் பச்சை."

"வாயில வைக்காம காதுலயா வைக்கும்? ஊரு பூராம் திங்குது. பாயாசத்துல, பிரியாணியில, சாமி பிரசாதத்துல. அவுகளெல்லாம் செத்தா போனாக? இந்தப் பதினாலு பிள்ளைக்கு மட்டும் தங்கத்துல குடல் இருக்காக்கும்?"

"அப்ப உங்க வீட்டு டீயில போடுவீகளா?"

"நான் எந்தக் காலத்துல ஏலக்காய் டீ குடிச்சேன்? எங்க வீட்டுல வரக்காப்பிக்கே தாளம்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தி சிரிப்பில் கையிலிருந்த காயைச் சிதறவிட்டு, அதையும் சிரித்துக்கொண்டே பொறுக்கினாள். மூலையில் சாக்கு அடுக்கின் ஓரம் வேறு யாருடைய பிள்ளையோ போனைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் முகத்தில் திரையின் வெளிச்சம் மாறி மாறி அடித்தது. அனுசியா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் மணக்கிற வாசனை. போன வருடம் இதே கேலிக்கு அவளும் இதே தரையில் உட்கார்ந்து சிரித்திருக்கிறாள்.

"சொன்னாக் கேளு ஆத்தா" என்றார் மொக்கச்சாமி, குரலைத் தணித்து. "அய்யாதான் சொன்னாரு. வெளாட்டுக்கு எதுக்கு நல்ல காய், அந்த ரிட்டன் மூட்டைய அனுப்புன்னாரு. உனக்கு அங்க நெழல்ல வேலை. பையன் பேசுறானாம்ல? பொத்திக்கிட்டுப் பொழைக்கப் பாரு."

மறுநாள் காலை பிள்ளைகள் வருமுன் சுகன்யாவிடம் சொல்லிப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியாகிவிட்டது.

"மேடம், அந்தக் காயில கொஞ்சம் கலர் போகுது. பிள்ளைக வாயில வைக்குதுக. எடுத்துட்டு ராகியக் கொட்டிருவமா?"

சுகன்யா அவளை உட்காரச் சொல்லி, எதிரே உட்கார்ந்து, கனிவாகப் பேசினாள். அந்தக் கனிவைத்தான் தாங்க முடியவில்லை. "அனுசியா, இந்த வயசுல வாயில வைக்கிறதும் கத்துக்கிறதுதான். நாம பயந்து பயந்து எல்லாத்தையும் பிடுங்கிட்டா மூளை எப்படி வளரும்? நாம பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டாப் போதும். காய் பச்சையா இருந்தா பச்சைதானே போகும்?"

"அது இல்ல மேடம்..."

"மாமாகிட்டக் கேட்டுட்டேன். நேத்தே மிதுனா அம்மா போன் பண்ணாங்க. பிரெஷ் காய், அதான் நெறம் வருதுன்னு மாமா சொன்னாரு. நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்காரு." கொஞ்சம் நிறுத்தி, "தர்ஷன் நேத்து 'ஜீப்பு'ன்னான், கவனிச்சியா? இன்னும் ஆறு மாசம் விடாம வந்தான்னா நல்லா வந்துருவான்" என்றாள்.

மிரட்டவில்லை. மிரட்டத் தெரியாதவள் சுகன்யா. பையன் மேல் இருந்த மெய்யான பிரியத்தில்தான் சொன்னாள். சாயத்தில் முக்கியது நான்தான், ஒரு வாரம் கை பச்சையாக இருந்தது என்று அனுசியா சொல்ல வேண்டியது ஒரு வரி. அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் இந்த வேலை இல்லை. வேலை இல்லை என்றால் பிள்ளைக்கு மறுபடியும் சாக்கு மூட்டையும் போனும்.

வியாழன் பூராவும், வெள்ளி பூராவும் அவள் ஒரே ஒரு காரியம் செய்தாள். தர்ஷனைத் தட்டின் பக்கம் விடவில்லை. அவன் அந்தப் பக்கம் நகர்ந்தால் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் விட்டாள். அழுதால் புது டம்ளர் கொடுத்தாள், புனல் கொடுத்தாள். மற்ற பிள்ளைகளெல்லாம் தட்டில் முழங்கை வரை கையை விட்டுக் கிளறின. வியர்த்த கையில் நிறம் ஒட்டியது. கையிலிருந்து கன்னத்துக்கும் மூக்குக்கும் ஏறியது. ஒரு பிள்ளை ஒழுகுகிற மூக்கைத் துடைத்த கையாலேயே காயை அள்ளிப் பக்கத்துப் பிள்ளைக்கு ஊட்டியது. அனுசியா ஈரத்துணியும் கையுமாக ஓடி ஓடித் துடைத்தாள். துடைத்த துணியைக் கொல்லைக் குழாயில் பிழிந்தால், தண்ணீர் பச்சையாகச் சிமெண்டுத் தரையில் ஓடியது. வெள்ளிக்கிழமை இரண்டு பிள்ளைகளுக்கு வயிறு போயிற்று. காயினாலா, மாம்பழத்தினாலா, யார் கண்டது? அவள் கழுவிவிட்டாள். கழுவும்போது கீழே பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

வினோத்குமாரிடம் சொன்னாள். "நம்ம பையன் திங்கலைல்ல?" என்று கேட்டான். இல்லை என்றாள். "பெறகென்ன" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை கூடம் பூரா தோரணம். பெற்றோர்கள் பட்டும் பவுடருமாக வந்திருந்தார்கள். மிதுனாவின் அம்மா ஜோதி பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருப்பவள். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் அனுசியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, வீட்டுல ஒரே ஏலக்காய் மணம். தலையில, கையில எல்லாம். மோந்துக்கிட்டே இருக்கேன்" என்றாள். அனுசியா சிரிக்க முயன்றாள்.

முத்துக்கிருஷ்ணன் பதினொரு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், பின்னால் ஒரு ஆள் பாயாசத் தூக்கோடு. வீட்டிலிருந்து வந்த பாயாசம். மேலே தூவ ஒரு சின்ன டப்பாவில் வீட்டுக் காயும் வந்திருந்தது. அதை அடுக்களையில் வாங்கி வைத்தவள் அனுசியாதான். டப்பாவைத் திறந்து பார்த்தாள். மங்கிய, கொஞ்சம் மஞ்சள் பாய்ந்த, நிஜமான பச்சை.

சுகன்யா மைக்கைப் பிடித்து ஐம்புலன்கள் பற்றியும் மூளை நரம்புகள் பற்றியும் அழகாகப் பேசினாள். கைதட்டினார்கள். அப்புறம் வீடியோக்காரப் பையன், "சார், நீங்க பேரனோட அந்தத் தட்டுகிட்ட உக்காருங்க. நீங்க அள்ளிக் குடுங்க, அவன் வாங்கிக்கட்டும்" என்றான். சுகன்யாவின் மகன் ருத்விக்குக்கு ஒன்றரை வயது. அன்றுவரை அவன் அந்தத் தட்டின் பக்கம் வந்ததில்லை. சளி என்று வாரம் பூரா வீட்டில் வைத்திருந்தார்கள்.

முத்துக்கிருஷ்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காயை அள்ளி, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி பேரன் கையில் வைத்தார். பையன் தாத்தா முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான், இரண்டு காயை எடுத்து வாயில் போட்டுக் கடித்தான்.

அடுத்த நொடி முத்துக்கிருஷ்ணன் பாய்ந்தார். அறுபத்தைந்து வயது ஆள் அப்படிப் பாய்வார் என்று யாரும் நினைக்கவில்லை. பேரனின் தாடையை இறுக்கிப் பிடித்து, ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டுத் தோண்டினார். "துப்பு! துப்புறா! லோடு காய்டா அது, துப்பு!" பையன் வீறிட்டான். வெளியே வந்த சக்கையையும் எச்சிலையும் கைக்குட்டையில் துடைத்து, நாக்கை வேறு இழுத்துத் துடைத்தார். கைக்குட்டை பச்சையாயிற்று.

கூடமே திரும்பிப் பார்த்தது. அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். நிமிர்ந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். "தொண்டையில சிக்கிரும்ல, சின்னப் பிள்ளை. அதான்." பேரனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தட்டைவிட்டு நாலடி விலகி நின்றார். "தம்பி, நீ மத்த பிள்ளைகள வச்சு எடுப்பா."

மத்த பிள்ளைகள் தட்டைச் சுற்றித்தான் இருந்தார்கள். மிதுனா ஒரு காயை முன்பற்களால் நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது.

அனுசியாவுக்கு அந்த ஆளின் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. பேரனை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறான் பார், பெரிய மனிதன்! அப்படி நினைத்தபோதே தண்ணீர்த் தொட்டியின் பக்கம் அவள் கண் போனது. தர்ஷன் அங்கே புனலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் கையில் நிறம் இல்லை. கன்னத்தில் நிறம் இல்லை. மூன்று நாளாக அவள் செய்ததைத்தான் அவர் இப்போது செய்தார். அவர் கத்திச் செய்தார், அவள் சத்தமில்லாமல் செய்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுக்களைக்குப் போய் இரண்டு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றினாள். ஒன்றில் டப்பாவிலிருந்த வீட்டுக் காயைப் போட்டாள். இரண்டையும் கொண்டுவந்து, எல்லோருக்கும் முன்னால் இன்னொன்றில் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டாள். இரண்டையும் பாயாச மேசை மேல் வைத்தாள்.

"எல்லாரும் பாருங்க. இது அய்யா வீட்டுல திங்கிற காய். இது உங்க பிள்ளைக மூணு நாளாத் தின்னது."

ஒரு டம்ளர் வெளிறிய டீத்தண்ணீர் போல ஆயிற்று. மற்றதில் பச்சை, கயிறு கயிறாக இறங்கி, டம்ளர் பூராவும் பரவி, கதவுக்கு அடிக்கிற பெயிண்ட் மாதிரி நின்றது.

"அய்யய்யோ" என்றாள் ஒரு அம்மா.

"சாயம் முக்குனது நான்தான்" என்றாள் அனுசியா. "இந்தக் கையாலதான். வடக்க இருந்து திருப்பி அனுப்புன லோடு."

முத்துக்கிருஷ்ணன் கலங்கவில்லை. "எதுக்கு இவ்ளோ பெருசு பண்றீங்க? சாப்பாட்டுக் கலர். கேசரியில போடுறதில்லையா? லட்டுல போடுறதில்லையா? அதைத் தின்னு யாருக்காவது என்னமாவது ஆச்சா?"

கூடத்தில் ஒரு பெருமூச்சு பரவியதை அனுசியா கேட்டாள். அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. பலருக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. "கலர்தானாம்" என்று ஒருவர் மனைவியிடம் சொன்னார். அவர் முத்துக்கிருஷ்ணனிடம் காய் வாங்கிச் சில்லறைக்கு விற்கிற ஆள். இன்னொருவர் பாயாசக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, வைப்பதா குடிப்பதா என்று தெரியாமல், கடைசியில் குடித்தார். நாலைந்து பேர் மட்டும் பிள்ளைகளை வாரிக்கொண்டு கொல்லைக் குழாய்க்கு ஓடினார்கள்.

"மாமா, இது எந்த லோடு?" என்றாள் சுகன்யா. குரல் உடைந்திருந்தது.

"வீட்டுல பேசிக்கலாம்மா."

சுகன்யா பச்சை டம்ளரைப் பார்த்தாள். தன் மகனின் வாயைப் பார்த்தாள். அனுசியா காத்திருந்தாள், அவள் ஏதாவது சொல்வாள், இந்த வீட்டில் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். சுகன்யா வீடியோக்காரப் பையனிடம் திரும்பி, "இப்ப எடுத்ததை அழிச்சிருங்க தம்பி, பிளீஸ்" என்றாள். அப்புறம் அனுசியாவின் பக்கம் வந்து, மிகத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "என்கிட்டத் தனியா, தெளிவா சொல்லியிருக்கலாம்ல? இத்தனை பேரு முன்னாடி... திங்கக்கிழமை நீ வர வேணாம் அனுசியா. தர்ஷனும்."

குழாயடியிலிருந்து ஜோதி திரும்பி வந்தாள். இடுப்பில் மிதுனா, முகமெல்லாம் ஈரம், வாயைக் கழுவிய வேகத்தில் உதடு சிவந்திருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

அனுசியா பொய் சொல்லியிருக்கலாம். "புதன்கிழமை."

"புதன்கிழமை" என்றாள் ஜோதி. "நான் வந்ததும் உன் கையப் பிடிச்சுப் பேசுனேனே, அப்பவும் தெரியும்." அவள் பார்வை தண்ணீர்த் தொட்டிக்குப் போயிற்று. "உன் மகன் அதுல கைய வச்சானா?"

"இல்ல."

"வைக்க விட்டியா?"

"விடல."

ஜோதி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அந்தாளு அவரு பேரனைப் பாத்துக்கிட்டாரு. நீ உன் மகனைப் பாத்துக்கிட்ட. எம்பிள்ளைக்குத்தான் இங்க யாரும் இல்லாமப் போயிருச்சு." அனுசியா நின்ற இடத்தைச் சுற்றி, சேலை பட்டுவிடாமல் விலகி, வாசலுக்குப் போனாள்.

அனுசியா தர்ஷனைத் தண்ணீரிலிருந்து தூக்கினாள். "இன்னும்" என்றான் அவன். "இன்னும், இன்னும்" என்று அழுதான். அவள் அவன் சட்டையைப் பிழிந்து மாட்டி, தன் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளே மறுபடியும் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

வாசலில் மொக்கச்சாமி சாக்கை விரித்துவைத்துக் குந்தியிருந்தார். யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும். தட்டை அப்படியே வெளியே தூக்கிவந்திருந்தார்கள். அவர் காயைச் சாக்கில் தள்ளிக்கொண்டிருந்தார். சிலது எச்சிலில் ஒட்டிக் கொத்தாக இருந்தது, அதை உதிர்த்துவிட்டார். பல் பட்டுத் தோல் கிழிந்த காய் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கைலியில் துடைத்து, அதையும் சாக்கில் போட்டார்.

"என்னண்ணே பண்றீக?"

"பாத்தா தெரியல? மொட்டை மாடியில ரெண்டு நாள் காயப்போட்டா சரியாயிரும். சேலத்துல ஒரு பார்ட்டி ரேட்டு கொறைச்சு எடுக்குறேங்குறான்." அண்ணாந்து பார்த்தார். "வேலை போச்சாம்ல. வாயக் கொஞ்சம் வச்சுக்கிட்டு இருந்திருக்கலாம். சரி விடு, திங்கக்கிழமை குடோனுக்கு வந்துரு. கடிபட்டதையெல்லாம் பிரிக்க எனக்கும் ஆள் வேணும். பையன் எப்பவும் போல மூலையில உக்காந்துக்கிறட்டும்."

அனுசியா பிள்ளையை இறக்கிவிட்டாள். சாக்கின் இரண்டு காதையும் பிடித்தாள். மொக்கச்சாமி உதவிக்குத்தான் பிடிக்கிறாள் என்று நினைத்துக் கையை விட்டார். அவள் அதைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போய், ரோட்டோரச் சாக்கடையில் தலைகீழாகக் கவிழ்த்தாள். இருபது கிலோவும் கறுப்புத் தண்ணீரில் விழுந்தது. கொஞ்சம் மிதந்தது, கொஞ்சம் அமிழ்ந்தது. சாக்கை உதறினாள். உள்ளே ஒட்டியிருந்ததும் விழுந்தது.

"ஏய், பைத்தியமா உனக்கு!" மொக்கச்சாமி கரையில் நின்று கையைக் கையைப் பிசைந்தார். "ஒரு காய் மிச்சமில்லாமக் கொட்டிட்டாளே! அய்யா கேட்டா நான் என்னன்னுடி சொல்றது?"

அனுசியா சாக்கைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"பிள்ளைக தின்னுருச்சுன்னு சொல்லுங்க" என்றாள்.